பத்து நிமிஷப் பட்டம்

கடலோடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என்ற பெருமை ஃபெலிக்ஸுக்கு உண்டு. தூத்துக்குடியில் அவனுடைய அப்பாவும் சித்தப்பாக்களும் படகில் போய் மீன் கொண்டுவருவார்கள். ஃபெலிக்ஸ் ஒரே ஒருமுறை அவர்களோடு போய், சாப்பிட்ட மீனைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றைக்கே குடும்பம் கூடி அவனை இன்ஜினியரிங் படிக்கவைப்பது என்று முடிவெடுத்தது. வேறெதற்கும் ஆகாத பிள்ளைகள் போகிற இடம் அதுதான் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

படித்து முடித்து ஹைதராபாத் வந்தான். ஏ.எஸ்.ராவ் நகரில், குழம்பும் பொரியலும் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு கறி பாயிண்டுக்கு மேலே, மூன்றாவது மாடியில், சந்திரா இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் பிரைவேட் லிமிடெட் இருந்தது. பெயர்ப்பலகை ஆபீஸைவிட அகலம். அங்கே கேம் டெஸ்டராகச் சேர்ந்தான். மற்றவர்கள் உருவாக்கும் வீடியோ கேமை விளையாடிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. நம் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் இதைச் சம்பளமில்லாமல் செய்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், தரை ஆடாது என்று நம்பித்தான் சேர்ந்தான்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில், ஆடி கழிந்த கையோடு, அமெரிக்காவிலிருந்து கூரியரில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே செங்கல் அளவில் கறுப்பாக ஒரு ஹெட்செட். முகத்தில் கட்டிக்கொள்ளப் பட்டை, கண்ணுக்கு நேரே இரண்டு வில்லைகள், பின்னாலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் நீள ஒயர். மாட்டிக்கொண்டால் ஆபீஸ் மறைந்து விளையாட்டுக்குள்ளேயே போய் நிற்கலாம். தலையைத் திருப்பினால் அந்த உலகத்தில் அந்தப் பக்கம் தெரியும். கடைகளில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. கேம் செய்கிறவர்கள் முன்கூட்டியே செய்து பார்க்கட்டும் என்று அனுப்பியிருந்தார்கள்.

முதலாளி சந்திரமோகனின் குடும்பம் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்து இறங்கியது. அவருடைய தமிழ் அதற்குப் பிறகு வேறெங்கெங்கோ போய்விட்டு வந்தது.

"நாளைக்கு உலகமே இதைத்தான் மாட்டிட்டுத் திரியும். டிவி, மொபைல் எல்லாம் நக்கோ, வேணாம்னுடுவாங்க. பாத்துட்டே இருங்க" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் மேஜைக்கு அடியில் படுத்திருந்தார்.

"ஃபேனை நிறுத்துங்கப்பா, சுத்துது."

"ஃபேன் ஆஃப்லதான் சார் இருக்கு."

அடுத்தது புரோகிராமர் சாய்குமார். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவன், வாயைத் திறந்தால் தெலுங்கு. "நா வல்ல காது அண்ணா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னால் ஆகாது என்று அர்த்தம். அந்த முகத்தைப் பார்த்தால் எந்த மொழிக்காரருக்கும் புரிந்திருக்கும்.

கணக்கு, ரிசப்ஷன், சம்பளம், காபி ஆகிய நான்கு இலாகாக்களையும் வைத்திருந்த கனகவல்லியக்கா, மாட்டிப் பார்க்காமலேயே கருத்துச் சொன்னாள். அவள் கோயமுத்தூர்.

"ஏனுங் சார், இந்த மூஞ்சிப்பெட்டியை மாட்டுனா கண்ணுந் தெரியாது, காதுங் கேக்காது. அடுப்புல பால் பொங்குனா ஆரு பாக்கறது? எண்ணெ வெச்ச தலைல பட்டை நிக்குமுங்களா? எங்கூட்டு ஹால்ல கையை வீசுனா இந்தப் பக்கம் டிவி, அந்தப் பக்கம் மாமியா. எதுல பட்டாலும் நாந்தான் பதில் சொல்லோணும்."

"இன்னோவேஷன் உங்களுக்குப் புரியாதும்மா" என்று மேஜைக்கடியிலிருந்து சத்தம் வந்தது.

இதே சந்தேகங்களைத்தான் வெளிநாட்டு நிபுணர்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மாமியாரைத்தான் அவர்கள் விட்டுவிட்டார்கள்.

கடைசியில் ஹெட்செட்டைத் தொடத் தயாராக ஆபீஸில் மிச்சமிருந்த ஆள் ஃபெலிக்ஸ் மட்டும்தான். அதற்குக் காரணம் தொழில்நுட்ப ஆர்வம் என்று சந்திரமோகன் நினைத்தார். காரணத்தின் பெயர் ரோகிணி.

ரோகிணிதான் கேமை வரைந்து உருவாக்குகிறவள். அவளும் செகந்திராபாத் பிறப்பு. மாரேட்பள்ளியில் வீடு. அவள் வாயில் 'ஆமாம்' வராது, 'ஹவ்'தான் வரும். அந்த ஹெட்செட்டுக்காக அவள் செய்துகொண்டிருந்தது பட்டம் விடும் விளையாட்டு. சங்கராந்தி நாளில், செகந்திராபாத் மாடிகளுக்கு மேலே, வானம் முழுக்கப் பட்டச்சண்டை. ஆனால் விளையாடுகிறவர் மாடியில் நின்று பட்டம் விடமாட்டார். அவரேதான் பட்டம். காற்றில் ஏறி, குப்புறக் கவிழ்ந்து, சுழன்று, அடுத்த பட்டத்தின் நூலை அறுக்க வேண்டும்.

"எதுக்கு இப்பிடி?" என்று முதல் நாள் ஃபெலிக்ஸ் கேட்டான்.

"எங்க வீட்ல அண்ணனுங்க ரெண்டு பேரும் பட்டம் விடுவானுங்க. நான் சர்க்கா பிடிச்சுட்டு நிக்கணும், நூல் சுத்தற கட்டை. அவனுங்க இழுத்தா விடணும், விட்டா சுத்தணும். எல்லாரும் மேல பாப்பாங்க, நான் நூலையே பாத்துட்டு நிப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "மேலேர்ந்து பாத்தா எங்க மாடி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும். அவ்ளோதான்."

இதைக் கேட்ட பிறகு ஒருவன் என்ன செய்ய முடியும்? மாட்டிக்கொண்டான். கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோலப் புள்ளி புள்ளியாக ஒரு வானம் தெரிந்தது. பட்டம் ஏறியது. முதல் திருப்பத்தில் கவிழ்ந்தது. அந்த நொடியில் ஃபெலிக்ஸின் வயிறு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். இசை நின்ற பிறகு கழற்றினான். எதிரே ரோகிணி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"எப்படி?"

"சூப்பர்."

அவள் முகம் மலர்ந்ததை ஒரு நொடி பார்த்துவிட்டு, மாடிப்படியோரக் கழிவறைக்கு நடந்தான். ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும்.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. நாளடைவில் அவன் முறையைச் செம்மைப்படுத்தினான். முதல் திருப்பம் வரைக்கும் கண் திறந்திருக்கும், பிறகு மூடிவிடும். பக்கத்துத் திரையில் ரோகிணி பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதால் தலையை மட்டும் இங்கும் அங்கும் ஆட்டுவான். உள்ளே கண் மூடியிருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. அந்தக் கருவியில் அவன் கண்ட ஆகப்பெரிய வசதி அதுதான். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டான். கீழேயிருந்து கறி பாயிண்டின் கோங்கூராக் கீரை வாசம் வரும்போதெல்லாம் தன் தியாகத்தை நினைத்துக்கொள்வான்.

புரட்டாசியில் சந்திரமோகன் எல்லாரையும் கூப்பிட்டார்.

"தசரா முடிஞ்சதும் சீதாராமன் சார் வர்றார். பஞ்சாரா ஹில்ஸ் ஃபண்டு, பணம் போடறவர். அவரே மாட்டிப் பாக்கப் போறார். பிடிச்சா, ஒரு வருஷத்துக்கு நாம இந்தப் பட்டம் மட்டும்தான். பிடிக்கலேன்னா மூட்டை கட்டிடுவோம். மொபைல்ல காய்கறி வெட்டற கேம் ஒண்ணு ரெடியா வெச்சிருக்கேன். ரோகிணி பாவக்கா வரையலாம். கைக்கு டென்ஷன், எதுக்குப் பயம்? நம்ம ஃபெலிக்ஸுக்கே இவ்ளோ பிடிச்சிருக்கு!"

ரோகிணி திரும்பி ஃபெலிக்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. அவனுக்கு மறுபடி குமட்டியது. இந்தமுறை ஹெட்செட் மேஜையில்தான் இருந்தது.

சீதாராமனுக்கு அறுபது வயது, ரத்தக்கொதிப்பு வேறு உண்டு என்று கேள்வி. முதல் திருப்பத்தில் அவர் என்ன ஆவார் என்பது ஃபெலிக்ஸுக்குத் தெரியும். ஊரறிய ரோகிணி தலைகுனிந்து நிற்பாள், அதற்குக் காரணம் தான் சொன்ன 'சூப்பர்'தான். இப்போதே சொல்லிவிட்டால் ஏதாவது மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. ஆனால் சொன்னால் அவள் முகம்?

ஒருநாள் துணிந்தான்.

"ரோகிணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ரோகிணி நிமிர்ந்தாள். சாய்குமாரும் நிமிர்ந்தான். கனகவல்லியக்கா கால்குலேட்டரை அணைத்தாள்.

"அந்த... கேம்ல மூணாவது மாடித் தண்ணித் தொட்டி இருக்கில்லா, அதோட நிறம் நல்லாருக்கு."

"தேங்க்ஸ்" என்றாள் ரோகிணி. கனகவல்லியக்கா பெருமூச்சோடு கால்குலேட்டரைத் திரும்பப் போட்டாள்.

தசரா விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸில் ஆயுத பூஜை. கனகவல்லியக்காதான் பூசாரி. மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர், யுபிஎஸ் என்று வரிசையாகச் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். சந்திரமோகனின் கார் சாவிக்கும் பொட்டு. வாட்டர் ஃபில்டருக்கும் பொட்டு. பக்கத்தில் நின்ற ஃபெலிக்ஸுக்கும் ஒன்று வைத்துவிட்டு, "நீயி வேதக்காரப் பையன், மறந்துட்டேன், தொடச்சுக்கோ கண்ணு" என்றாள். அவன் துடைக்கவில்லை.

ரோகிணியின் அலறல் அப்போதுதான் கேட்டது. ஹெட்செட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இரண்டு வில்லைகளிலும் சந்தனம், குங்குமம்.

"அக்கா! இது உள்ள கண்ணு வெக்கற இடம்! வெளியில வைக்கக் கூடாதா?"

"எது எங்க வேலை செய்யுதோ அங்கதான் கண்ணு பொட்டு வெக்கோணும். தையல் மிசினுக்குச் சக்கரத்துல வெப்போம், மூடியிலயா வெப்போம்?" இதில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ரோகிணி மெல்லத் துடைத்தாள். சந்தனம் போயிற்று. இடது வில்லையில், மூக்கை ஒட்டிய கீழோரத்தில், குங்குமச் சிவப்பு மட்டும் போகவில்லை. அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

"ஃபெலிக்ஸ், மாட்டிப் பாரு. ரொம்ப இடைஞ்சலா இருக்கான்னு சொல்லு."

அவன் மாட்டிக்கொண்டான். பார்வையின் கீழோரத்தில் மங்கலாக ஒரு செம்புள்ளி. தலையை எங்கே திருப்பினாலும் அது மட்டும் அதே இடத்தில் நின்றது. பட்டம் ஏறியது. முதல் திருப்பம் வந்தது. வழக்கம்போல் கண்ணை மூடப் போனவன், ஏனோ அந்தப் புள்ளியைப் பார்த்தான். உலகம் கவிழ்ந்தது. புள்ளி கவிழவில்லை. ஓடுகிற பஸ்ஸில் நிற்கிறவனுக்குக் கைக்குக் கம்பி அகப்பட்டதுபோல அதை விடாமல் பிடித்துக்கொண்டான். வயிறு இருந்த இடத்திலேயே இருந்தது.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அவன் போனதே இல்லை. இப்போது போனான். அடேயப்பா! மாடிகள். கொடியில் காயும் புடவைகள், ஊறுகாய் ஜாடிகள், தொலைவில் மசூதி மினாரா, பக்கத்தில் சர்ச் கோபுரம், ரயில் தண்டவாளத்தின் மேல் வெயில். நூற்றுக்கணக்கில் பட்டங்கள் அவனை உரசிக்கொண்டு போயின. கீழே ஒரு மாடியில் ஆட்கள் எல்லாரும் அண்ணாந்து நிற்க, நடுவே ஒரு சின்னப் பெண் மட்டும் குனிந்து சர்க்காவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டம் தாழப் பறந்து அவளைக் கடந்தது. அவள் தலையைத் தூக்கி நேராக அவனைப் பார்த்தாள்.

இசை நின்றது. கழற்றும்போது அவன் கண்ணில் ஈரம்.

"ரோகிணி... எம்மா! என்னத்தச் சொல்ல! அந்த மாடியில ஒரு பிள்ள சர்க்கா பிடிச்சிட்டு நிக்குதே, அது நிமிந்து பாக்குது பாருங்க. எப்ப வச்சிய அதை? நேத்தா?"

ரோகிணி சிரிக்கத் தொடங்கினாள். பாதியிலேயே சிரிப்பு மெல்ல இறங்கியது.

"அவ மொதல் நாள்லேர்ந்து அங்கதான் நிக்கறா" என்றாள்.

சாய்குமார் எழுந்து, யாரும் கூப்பிடாமலேயே, சுண்டல் வாங்கிக்கொள்ளப் போனான்.

"இத்தனை நாளா உள்ள என்ன பண்ணிட்டிருந்த?"

"கண்ணை மூடிட்டு இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும். முடிஞ்சதும் பாத்ரூம் போயி வாந்தி எடுப்பேன்."

"சூப்பர்னு சொன்னியே."

"உங்க மூஞ்சியப் பாத்தா வேற சொல்ல வரல."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் உன்கிட்ட கேட்டது என் மூஞ்சியைப் பத்தியா? ஊர்ல எல்லாரும் சூப்பர்னு சொல்லுவாங்க. குறை சொல்லத்தானே உன்ன வெச்சிருக்கு? நீ சொல்லியிருந்தா அன்னிக்கே அந்தத் திருப்பத்தை மாத்தியிருப்பேன். இன்னும் எத்தனை நாள் இருக்கு இப்ப?"

ஃபெலிக்ஸ் நின்றுகொண்டே இருந்தான். நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குக்கு வழிந்தது.

கேமை முதலிலிருந்து ஓடவிட்டு, திரையைப் பார்த்தபடியே அவள் கேட்டாள். "அவ எப்படி இருக்கா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு. பக்கத்துல போறப்ப."

"ஏன், நீங்க பாத்ததில்லையா?"

"திரையில பாத்திருக்கேன். உள்ள போயி பாத்ததில்ல." குரல் தாழ்ந்தது. "எனக்கும் முதல் திருப்பம் தாண்டாது. ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. நீ ஒருத்தன் பிடிக்குதுங்கறியே, என் உடம்புலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

ஃபெலிக்ஸ் ஹெட்செட்டை நீட்டினான். "மாட்டுங்க. புள்ளியை மட்டும் விட்டுராதிய. கவுந்தா அதைப் பிடிச்சிக்கிடுங்க."

அவள் மாட்டிக்கொண்டாள். நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். திரையில் பட்டம் ஏறியது, கவிழ்ந்தது, அவள் விரல்கள் வெளுத்தன, பிறகு தளர்ந்தன. மாடிகளுக்கு மேலே பறந்து தாழ்ந்தபோது அவள் வாய் திறந்துகொண்டது. கழற்றி, வில்லைகளை ஒருமுறை பார்த்தாள்.

"சின்னவளா இருக்கா" என்றாள் கடைசியில். "இவ்ளோ சின்னதா இருந்தேனா நான்?"

விடுமுறையில் இருவரும் ஆபீஸைத் திறந்துவைத்து வேலை பார்த்தார்கள். திருப்பத்தை நீட்டி மென்மையாக்கினாள். பட்டத்தின் முன் நுனியை, சிவப்புக் காகித மூக்காக, எப்போதும் பார்வையின் கீழோரத்தில் தெரியும்படி வரைந்தாள். கனகவல்லியக்காவின் பொட்டு இருந்த அதே இடம். ஃபெலிக்ஸ் மாட்டினான், கழற்றினான், "ரெண்டாவது கவுக்கறது கொடுமை" என்றான், மாற்றினாள். "இப்ப பரவால்ல, ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல தலை வலிக்கி" என்றான். அந்தத் தலைவலி அதற்கு மேல் குறையவில்லை. என்ன செய்தும் குறையவில்லை.

தெலங்கானாப் போராட்டத்துக்கு நடுவே, சீதாராமன் பந்த் இல்லாத நாளாகப் பார்த்து வந்தார். அமைதியானவர். சொன்னபடி மாட்டிக்கொண்டார். பட்டம் கவிழ்ந்தபோது "ஓஹோ" என்றார். மாடிகளைப் பார்த்து "அடடா" என்றார். கழற்றி வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். சந்திரமோகன் நிம்மதியில் காபி என்று சைகை காட்டினார்.

"நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு" என்றார் சீதாராமன். "டெஸ்டர் யாரு, நீங்களா? வாங்குறவங்க இதை வீட்ல தினம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் விளையாடணும். விளையாடுவாங்களா?"

சந்திரமோகன் சீதாராமனுக்குப் பின்னால் நின்று 'ஹவ், ஹவ்' என்று உதடசைத்தார். ஃபெலிக்ஸ் ரோகிணியைப் பார்த்தான். அவள் துப்பட்டா நுனியைப் பிடித்திருந்தாள். முறுக்கவில்லை.

"சொல்லு" என்றாள்.

"மாட்டாங்க சார். பத்து நிமிஷம். அதுக்கு மேல தலை வலிக்கும். வேர்த்து வில்லை மங்கும். ஒயர் காலைச் சுத்தும். கரண்ட் போச்சுன்னா எங்க நிக்கோம்னே தெரியாது." ஹெட்செட்டைத் தொட்டுக் காட்டினான். "ஆனா அந்தப் பத்து நிமிஷம் வேற எதுலயும் கிடைக்காது சார்."

சீதாராமன் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "பத்து நிமிஷத்துக்கு யாருப்பா கம்ப்யூட்டரும் ஒயரும் ஒரு காலி ரூமும் வாங்கி வெப்பாங்க?" காபியை முழுக்கக் குடித்துவிட்டு, எல்லாருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"ஒரு மணி நேரம்னு சொல்லியிருந்தா என்னடா குறைஞ்சு போயிருப்ப?" என்றார் சந்திரமோகன்.

"அவரு இருந்து விளையாடிப் பாத்திருப்பாரு சார்."

சந்திரமோகன் யோசித்துப் பார்த்துவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரோகிணி அங்கே இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஹெட்செட். ஃபெலிக்ஸ் இரண்டு படி தள்ளி நின்றான்.

"கோவமா?"

"ஹவ்."

"எம்மேலயா?"

"பத்து நிமிஷம்னு பெருமையா சொன்னியே. எனக்கு ஏழுதான் வருது." மூக்கை உறிஞ்சினாள். "உண்மைன்னா முழுசாச் சொல்லணும்."

அவன் உட்கார்ந்தான். கீழே கறி பாயிண்டில் யாரோ பருப்புக்குத் தாளித்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்குப் பசித்தது.

"நுமாயிஷ் போயிருக்கியா?" என்றாள் திடீரென்று. "ஜனவரியில நாம்பள்ளில போடற எக்ஸிபிஷன். அங்க பெரிய ராட்டினம் இருக்கும். ஏறுவாங்க, கத்துவாங்க, இறங்கி ஓரமாப் போய் வாந்தி எடுப்பாங்க, திரும்ப வந்து வரிசைல நிப்பாங்க. ஒருத்தராவது அந்த ராட்டினத்தை வீட்டுக்கு வாங்கிட்டுப் போறேன்னு சொல்லிக் கேட்டிருக்கியா?"

ஃபெலிக்ஸ் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அஞ்சு நிமிஷம் போதும்" என்றாள். "ஏறணும், கவுழணும், மாடி, அவ நிமிந்து பாக்கணும், முடிஞ்சுது. நுமாயிஷ்ல ஒரு ஸ்டால் போட, சார்கிட்ட நான் பேசறேன். எந்த இடத்துல நிறுத்தலாம்னு நீ உள்ள போய்ப் பாத்துச் சொல்லு. குமட்டுனா சொல்லு."

"சொல்லுதேன்."

"குமட்டலேன்னா?"

"அதையும் சொல்லுதேன்."

உள்ளே போய் அவன் நாற்காலியில் உட்கார, அவள் பின்னாலிருந்து மாட்டிவிட்டாள். ஆபீஸ் மறைந்தது. பின்பட்டையில் அவன் முடி சிக்கிக்கொண்டது. அவள் விரல்கள் அதை ஒவ்வொன்றாக, வலிக்காமல், எடுத்துவிட ஆரம்பித்தன. சரியாக மாட்டிக்கொள்ள இந்தக் கருவிக்கு இரண்டு ஆள் தேவைப்படுகிறது என்பதைப் பெரிய குறையாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று ஃபெலிக்ஸுக்குத் தோன்றியது. அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தான்.